பிலோமி கடித்த முத்து

முத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு, தராசில் போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு, வினிகரில் நனைத்துப் பார்த்து நல்ல பொருளைக் கெடுக்கிற கிறுக்கர்களும் தூத்துக்குடியில் உண்டு. பிலோமி வாயில்தான் வைத்துப் பார்ப்பாள். முன்பல்லின் விளிம்பில் முத்தை மெதுவாக ஓர் இழுப்பு. கடலில் விளைந்ததென்றால் பல்லில் மணல் பட்டதுபோல நறநறவென்று வரும். கண்ணாடியில் சாயம் பூசியதென்றால் வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான் வித்தை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆசை பிடித்தவன் கடித்தால் கண்ணாடியும் நறநறக்கும், சந்தேகம் பிடித்தவன் கடித்தால் நல்ல முத்தும் வழுக்கும். பிலோமிக்கு இரண்டும் கிடையாது. அதனால் அவள் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. நகைக்கடை காசிலிங்கம் அண்ணாச்சியே சந்தேகமான சரக்கு வந்தால் ஆளிடம் கொடுத்தனுப்புவார், கூடவே உடன்குடிக் கருப்பட்டியும் வரும்.

அவள் வாய்க்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். நகை கொண்டுவந்தவர் கண் முன்னால்தான் கடிப்பாள். அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்க் கடித்துவிட்டு வந்தால், "உள்ள வச்சு மாத்திட்டா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்குக்கு நரம்பா இருக்கிறது?

பல்வரிசையும் சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு வரிசை. முத்தைக் கடிக்கிறவளுக்கு முத்துப்பல் என்று பாதிரியாரே ஒருமுறை கேலி பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு கேட்ட நாளிலிருந்து பிலோமி சிரிக்கத் தேவையில்லாத இடத்திலும் சிரிப்பாள். சாவு வீட்டில் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

கண் பட்டதோ, காலமெல்லாம் மென்ற பாக்குதான் வேலையைக் காட்டியதோ, ஐம்பதைத் தாண்டியதும் ஈறு வீங்கி எல்லாப் பல்லும் ஆட்டம் கண்டது. நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டர் எல்லாவற்றையும் பிடுங்கினார். கடைவாயில் உறுதியாக நின்ற ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அதில் கொக்கி போட்டு மேலுக்கும் கீழுக்கும் பல்செட்டு பொருத்திவிட்டார். ஈறு ஆறுகிறவரை அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கல். தெருவுக்குச் சொன்ன கதை, உவரி அந்தோணியார் கோயிலில் நேர்ச்சைக்குத் தங்கப் போகிறேன் என்பது. முழுப் பொய்யாகிவிடக் கூடாதே என்று திரும்பி வரும்போது உவரியில் இறங்கி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டும் வந்தாள். விஷயம் தெரிந்தது புருஷன் செபாஸ்டின் ஒருவருக்குத்தான். துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதுகிறவர் அவர், வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம்.

வந்த மறுநாளே பிலோமி தன் காதில் கிடந்த முத்தைக் கழற்றி, கதவைச் சாத்திக்கொண்டு, புதுப்பல்லில் இழுத்துப் பார்த்தாள். அவள் அப்பன் கடலில் குளித்து எடுத்த முத்து, அதில் சந்தேகம் என்பதே கிடையாது. அது வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தாள். கையுறை போட்டுக்கொண்டு துணி வாங்குகிற மாதிரி, ஒன்றுமே தெரியவில்லை. சட்டைப் பொத்தானை இழுத்துப் பார்த்தாள். பொத்தானும் முத்தும் அந்தப் பல்லுக்கு ஒன்றுதான். பிலோமி கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

அழுகிற வாயாலேயே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். "மவ கல்யாணம் முடியுத வரைக்கும் முத்துல வாய் வைக்க மாட்டேன்னு அந்தோணியாருக்கு நேர்ந்துகிட்டேன்" என்று தெருவில் சொல்லிவிட்டாள். கேட்டவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள். காசிலிங்கம் அண்ணாச்சி, "பெத்தவள்னா இப்படில்லா இருக்கணும்" என்று சொல்லி, சரக்கில்லாமல் கருப்பட்டி மட்டும் அனுப்பிவைத்தார்.

மகள் இசபெல்லா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் எழுத்துப்பிழை மாதிரி அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒருவன் சத்தமாகச் சிரிக்கிறான், ஒருவன் சிரிக்கவே இல்லை, இன்னொருவன் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறான். பிலோமி வேண்டாத புனிதர் பாக்கி இல்லை. புது ஹார்பருக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த அந்த வருஷம், கப்பலில் வேலை பார்க்கிற வில்பிரட் லீவில் வந்தான். மாதா கோயில் திருநாளில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த இசபெல்லா, "இவருன்னா சரிம்மா. இவரு இல்லன்னா என்ன விட்டுருங்க" என்றாள். சொன்னால் சொன்னபடி நிற்கிற பிடிவாதக்காரி அவள். பெற்றவளுக்குத் தெரியாதா?

வில்பிரட்டின் அம்மா ஆக்னஸ் இருக்கிறாளே, அவளுக்கு மகன் ஜப்பான் கப்பலில் போவதே தன் வயிற்றில் சுமந்த பெருமை. வரப்போகிற மருமகளுக்கு மகன் ஜப்பானிலிருந்து முத்துமாலை கொண்டுவருகிறான் என்று, போன தடவை அவன் கப்பல் ஏறுவதற்கு முன்பே மீன் மார்க்கெட் வரைக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

கல்யாணத்தை உறுதி செய்கிற நாள் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பிலோமி வீட்டுக் கூடத்தில் வந்து நிறைந்தார்கள். மக்ரூன், காப்பி, ஊர்ப்பேச்சு எல்லாம் முடிந்தது. ஆக்னஸ் நீல வெல்வெட் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாள். மாலை ஒரே சீராக, பால் நிறத்தில் மினுங்கியது.

"கடிச்சுப் பாருங்க மைனி" என்றாள் ஆக்னஸ்.

பிலோமி மக்ரூன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "அதெல்லாம் என்னத்துக்கு மைனி? மாப்பிள கொண்டாந்தத கடிச்சுப் பாக்கது மரியாதையா? நேர்ச்சை வேற இருக்கு."

"நேர்ச்சை கல்யாணத்துக்குத்தானே? இது கல்யாணத்து முத்துதானே? அந்தோணியாரு ஒண்ணும் கோவிக்க மாட்டாரு." ஆக்னஸ் பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "நாளைக்கு ஒருத்தி ஒரு பேச்சு பேசிறக் கூடாது பாருங்க. நம்ம ஞானசௌந்தரி மவ கத தெரியாதா? அன்னைக்கு நீங்க வாய் வச்சதுனாலதான ஊருக்கு உண்ம தெரிஞ்சிது."

ஞானசௌந்தரி மகள் கதை எல்லோருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நாளில், இதே மாதிரி ஒரு மாலையைப் பிலோமி கடித்துவிட்டு, "கண்ணாடி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தையோடு கல்யாணம் நின்றது. பிலோமியின் பெயர் மணப்பாடு வரைக்கும் போனதும் அதற்குப் பிறகுதான். ஞானசௌந்தரியின் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஆக்னஸின் தம்பி ஜேசுபாதம், "வேணும்னா தீக்குச்சி கொளுத்திக் காட்டுவோமா?" என்று ஆரம்பித்தார். "நீ சும்மா கெட" என்று ஆக்னஸ் அவரை அடக்கினாள்.

பிலோமி மாலையை எடுத்தாள். முன்பல்லில் வைத்து இழுத்தாள். வழுக்கியது. வழுக்கத்தானே செய்யும். இது மாதாவின் கழுத்து முத்தாக இருந்தாலும் வழுக்கும். சுவரோரம் நின்றிருந்த செபாஸ்டின் இருமினார். வீட்டுக்காரர் இருமலுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும்: 'முத்துதான்னு சொல்லித் தொலையேன்ளா.'

சொல்லிவிடலாம்தான். ஒரு வார்த்தை. காப்பி இன்னொரு ரவுண்டு வரும், தேதி குறிப்பார்கள், முடிந்தது. ஆனால் தெரியாத முத்தை முத்து என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரான் பிள்ளைக்கு நாக்கில் தராசு வைத்துச் சொன்னவள், பெற்ற பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வதா? பையன் நல்லவனா, பசப்புக்காரனா? இந்த வீட்டில் அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதுவும் கடைவாயில் இருந்தது. செட்டு இருக்கிறவரை அந்தப் பல்லுக்கு முத்து போகாது. உள்ளே எடுத்துப்போகவும் முடியாது, அவள் போட்ட சட்டம் அவளையே மறித்துக்கொண்டு நின்றது.

போகட்டும் கழுதை, மானமா மகளா என்றால் மகள்தான்.

பிலோமி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, கொக்கியை நெகிழ்த்தி, கீழ்ச்செட்டைக் கழற்றி மக்ரூன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேல்செட்டையும் கழற்றி அதன்மேல் வைத்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. ஜேசுபாதம் எடுத்த மக்ரூனைத் திரும்பத் தட்டில் வைத்தார். செபாஸ்டின் கண்ணை மூடிக்கொண்டார்.

"செட்டுப் பல்லுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் பிலோமி. பல்லில்லாத வாயிலிருந்து அது எப்படி வந்தது என்பதை எழுத்தில் காட்ட முடியாது. பாதி வார்த்தை, பாதி காற்று. "எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான். இதுல பாத்துச் சொல்லுதேன்."

மாலையைக் கடைவாய்க்குக் கொண்டுபோய், நடுமணியை அந்த ஒற்றைப் பல்லில் வைத்து இழுத்தாள்.

வழுக்கியது.

அடுத்த மணி, அதற்கடுத்த மணி. மூன்றும் எண்ணெய் தடவிய மாதிரி போயின. நாகர்கோவில் டாக்டர் விட்டுவைத்த பல் பொய் சொல்லாது. கண்ணாடி. சுத்தமான கண்ணாடி.

பிலோமி தலையை நிமிர்த்தி வில்பிரட்டைப் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான், காது இரண்டும் சிவந்து கிடந்தன. 'அடப் பாவி' என்று வாயெடுக்கப் போனவள் தற்செயலாக அறைக்கதவைப் பார்த்தாள். அங்கே இசபெல்லா நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அம்மா பல்லைக் கழற்றியதற்கும் ஆச்சரியப்படவில்லை, அம்மா முகம் மாறியதற்கும் ஆச்சரியப்படவில்லை. பயந்து போயிருந்தாள், அவ்வளவுதான். கைகளைக் கூப்பாத குறை.

பிலோமி மாலையை மேசையில் வைத்தாள். "வாய் கொப்புளிச்சிட்டு வாரேன்" என்று சொல்லி, பல்லை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கூப்பிடாமலேயே இசபெல்லா பின்னால் வந்தாள்.

"ஒனக்குத் தெரியும்" என்றாள் பிலோமி.

"தெரியும்மா."

"பல்லு?"

"கட்டிலுக்கடில கோப்பையில போட்டு வைக்கீங்களே, வீடு பெருக்குதது யாரு? வந்த அன்னைக்கே தெரியும்."

பிலோமிக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. விளங்கியதும் சுர்ரென்று ஏறியது. "ஓஹோ. பொய்ப்பல்லு கடிச்சா பொய்முத்து தெரியாதுன்னு கணக்குப் போட்டியளோ ரெண்டு பேரும்? எம் வாய வச்சே எம் கண்ண மூடப் பாத்தியா ஏளா?"

"நீங்க செட்ட கழத்துவீங்கன்னு நான் கண்டேனா?" இசபெல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கிட்டகூட மறைச்சு வச்ச பல்ல ஊருக்கு முன்னால எடுத்து வைப்பீங்கன்னு யாரு நெனைப்பா?"

"ஒனக்காகத்தான்ளா எடுத்தேன், கூறுகெட்டவளே."

கூடத்தில் யாரோ கப்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அவரு ஜப்பான்ல, கோபே ஊருல கடைகடையா ஏறி எறங்கியிருக்காரும்மா" என்றாள் இசபெல்லா. "அவரு வாங்குத சம்பளத்துக்கு நாலு மணிகூடத் தேறாதாம். அதுக்குள்ள அவுக அம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிட்டாவ. அம்மாவ நாலு பேருக்கு முன்னால தலகுனிய வைக்கக் கூடாதுன்னு இத வாங்கிட்டாரு."

"இத ஒங்கிட்ட எப்ப சொன்னான்?"

"மொத நாளே. திருநாளன்னைக்கு, கோயில் வாசல்ல வச்சு. இதத்தான் போடப்போறேன், இது பொய், வேண்டாம்னா இப்பவே சொல்லிரு, ஒன்ன கொற சொல்லாம நான் ஒதுங்கிருதேன்னாரு. எத்தன பேரு என்னப் பாக்க வந்தானுவ. ஒருத்தன் எங்கிட்ட ஒரு உண்ம சொல்லியிருப்பானா?"

பிலோமி வாளித் தண்ணீரில் பல்லை அலசினாள். அலசின பல்லை மறுபடியும் அலசினாள். ஞானசௌந்தரியின் மகள் நினைவுக்கு வந்தாள். அந்தப் பையனும் அவளிடம் சொல்லித்தான் இருந்தானோ என்னவோ. அன்றைக்கு யார் கேட்டார்கள்? கண்ணாடி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முறுக்கு தின்று காப்பி குடித்து, தன் பல்லின் பவிசை நினைத்துக்கொண்டு பிலோமி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் எப்படி நின்றாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணத் தொட" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். பல்லை மாட்டிக்கொள்ளவில்லை. ஊரே பார்த்த பிறகு இனி என்ன ஒளிவு?

கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆக்னஸ் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பெருமைக்காரிதான், ஆனால் அந்த நேரத்தில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது பிலோமிக்கு நன்றாகத் தெரிந்தது.

"முத்துதானே மைனி?"

முப்பது வருஷமாக அந்த வாய் ஒரு முத்தை மாற்றிச் சொன்னதில்லை. அந்தோணியாரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிலோமி நினைத்துக்கொண்டாள்.

"முத்துதான்" என்றாள்.

கூடம் கலகலவென்றாகிவிட்டது. ஆக்னஸ் எழுந்து வந்து பிலோமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இவள மாதிரி ஒருத்திய எங்கன பாக்க முடியும்?" என்று ஜேசுபாதம் கண் கலங்கச் சொன்னார். "நமக்கு உண்மயச் சொல்லணும்னு பல்லையே கழத்தி வச்சுட்டாளே. பல்லைக் கழத்தி வச்சிட்டுச் சொல்லுதவ பொய்யா சொல்லுவா?" இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். செபாஸ்டினும் ஆட்டினார். பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார்கள்.

மாலையை இசபெல்லா கழுத்தில் ஆக்னஸே போட்டுவிட்டாள். பொய் சொல்லக்கூடாது, அவளுக்கு அது நன்றாகவே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலம் தொடங்குவதற்கு முன்னால் கல்யாணம் என்று தேதி குறித்தார்கள்.

எல்லோரும் புறப்படும்போது வில்பிரட் மட்டும் செருப்பைத் தேடுகிற சாக்கில் பின்தங்கினான். தேட வேண்டியதே இல்லை, செருப்பு காலில்தான் இருந்தது. பிலோமி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "மாமி, நீங்க செஞ்சத மறக்க மாட்டேன். அடுத்த கப்பலுக்குப் போனா எப்பாடு பட்டாவது நெசமானதே வாங்கிட்டு வந்துருதேன். மாதா மேல சத்தியம்" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

பையன் நல்ல பையன்தான். பிலோமிக்கு அவன்மேல் பாசம் வந்தது. கோபமும் கூடவே வந்தது.

"நெசத்தக் கொண்டாந்தீங்கன்னா வீட்டு வாசப்படி ஏறப்படாது, சொல்லிட்டேன்."

"மாமி?"

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா குருடனுக்கும் தெரிஞ்சுபோவும் மருமவனே. நான் முத்துன்னு சொல்லியாச்சு. இனி எம் மவளுக்கு ஆயுசுக்கும் இதுதான் முத்து. ஒங்களுக்கும் அதான்." முந்தானையிலிருந்த பல்லை எடுத்து, ஊதி, வாயில் மாட்டிக்கொண்டாள். கொக்கி விழுந்த பிறகு வார்த்தை தெளிவாக வந்தது. "தண்ணி படாமப் பாத்துக்கிடுங்க. சாயம் போயிரும்."

"சரி மாமி" என்று சொல்லிவிட்டு வில்பிரட் படியிறங்கினான்.